தராசு அண்ணன் அக்கவுண்டில் விழுந்த பணம்

கைக்குக் காசு வந்தால் கலங்கிப்போகிற ஆள் உலகத்திலேயே எங்கள் தராசு அண்ணன் ஒருத்தர்தான். மாரியூர் பக்கத்துக் கரையில் ஏலத்துக்கு வரும் மீனை நிறுப்பது அவர் வேலை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு படகுக்காரர் ஆசையாகக் கொடுத்த சீலா மீனை நிறுத்துப் பார்த்து, அன்றைய விலையை அவர் சட்டைப்பையிலேயே திணித்துவிட்டு வந்தவர். கண்டக்டர் தவறிக் கொடுத்த ஐந்து ரூபாயைத் திருப்பித் தர, பத்து ரூபாய் டிக்கெட் எடுத்துச் சாயல்குடிக்குப் போனார். அன்று அந்தக் கண்டக்டருக்கு லீவு. மறுநாளும் போனார்!

அப்போது நான் எங்கள் கரைப் பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஒருநாள் காலை ஷட்டரை முழுசாகத் தூக்குவதற்குள் அண்ணன் குனிந்து உள்ளே வந்துவிட்டார். போனை நீட்டினார்.

“ஏலே தம்பி, இங்கன பாரு. என் அக்கவுண்டுல முப்பத்தெட்டாயிரத்து நானூறு விழுந்துருக்கு. எவன் போட்டான்னு பாத்துச் சொல்லு.”

போனை வாங்கித் துருவிப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். போட்டதே நான்தான்!

எங்கள் கரையில் ‘ஒதுக்கு மீன்’ என்று ஒரு வழக்கம். ஒரு வீட்டில் கஷ்டம் என்றால், கூடைக்கு ஒரு மீன் ஒதுக்கி, ஒரே குவியலாக ஏலம் விட்டு, அந்தப் பணத்தை அந்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். யார் வீட்டுக்கு என்று வெளியே சொல்வதில்லை. அண்ணன் மகள் பிரின்ஸிக்கு ராமநாதபுரத்தில் நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. ஃபீஸில் பாதிதான் அவரிடம் இருந்தது. கையில் கொடுத்தால் வாங்கமாட்டார் என்று, பதினைந்து நாள் சேர்ந்த பணத்தை ராமநாதபுரம் போய் பேங்க் மிஷினில் அவர் அக்கவுண்டுக்குப் போடும் வேலையை என் தலையில் கட்டினார்கள். பணம் வந்து விழுந்தால் பேசாமல் கட்டிவிடுவார் என்று நினைத்தோமே, எங்கள் புத்தியை என்ன சொல்ல!

“யாராச்சும் வேண்டப்பட்டவுக போட்டிருப்பாகண்ணே.”

“வேண்டப்பட்டவன் எதுக்குலே ஒளிஞ்சு போடுறான்? இது கடல் அட்டை கடத்துறவன் காசு. இன்னைக்கிப் பணம் போடுவான், நாளைக்கி வீட்டுல மூட்டைய எறக்குவான். போலீசு என்னையத்தான் அள்ளிட்டுப் போகும்.”

“சரிண்ணே, அதை விடுங்க. அதுல முன்னாடியே கெடந்த உங்க காசை மட்டுமாச்சும் எடுத்து...”

“எதுலே என் காசு? நல்ல மீனோட நாறுன மீனு சேந்து கெடந்தா எதத் திங்கிறது? எல்லாம் கலந்துபோச்சு. ஒத்த ரூவா தொடமாட்டேன்.”

ஃபீஸ் கட்ட மறுநாள்தான் கடைசி நாள். சர்ட்டிபிகேட் பையை நெஞ்சோடு அணைத்தபடி பிரின்ஸி கடை வாசலில் நின்றாள். அவள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“போலீசுக்கு ஒரு மனு அடி. அடுத்த பஸ்ஸுல போய்க் குடுத்துட்டு வாரேன்” என்றார் அண்ணன்.

ஒரே விரலால் அடித்தேன். பிரிண்டரில் மூன்று தடவை பேப்பரைச் சிக்க வைத்தேன். நாலாவது தடவை அவரே சரிசெய்துவிட்டார், பாவி மனுஷன்! கையெழுத்தும் போட்டாயிற்று. பஸ் ஹாரன் கேட்டது. படியிறங்கிவிட்டார். இனி வாயைத் திறக்காவிட்டால் ஒரு பிள்ளையின் படிப்பே போய்விடும்.

“அண்ணே, நில்லுங்க! போட்டது நாந்தேன். ஒதுக்கு மீன் காசுண்ணே அது. உங்க வீட்டுக்குத்தேன் ஒதுக்குனாக.”

அவர் முகம் கறுத்துப்போனது.

“யாரு யாரு எம்புட்டுப் போட்டாக? லிஸ்ட்டக் குடு. அம்புட்டுப் பேருக்கும் திருப்பிக் குடுக்கணும்.”

“ஒதுக்கு மீனுக்கு என்னைக்குண்ணே லிஸ்ட்டு எழுதியிருக்கு? நீங்களுந்தான போட்டீக?”

நிஜம்தான். யார் வீட்டுக்கு என்றே தெரியாமல், பதினைந்து நாளும் தனக்குக் கூலியாக வந்த மீனை அந்தக் குவியலில் போட்டவர் அவர். பொடி மீனாக எறிந்தவர்களை, “கஷ்டப்படுற வீட்டுக்கு இதையாலே போடுவ?” என்று சட்டையைப் பிடிக்காத குறையாக உலுக்கி, பெரிய மீனாகப் போட வைத்தவரும் அவரேதான்.

அண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பஸ் போய்விட்டது.

“அய்யா, வாங்கய்யா. போய்க் கட்டிருவோம்” என்றாள் பிரின்ஸி.

அண்ணன் அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “நம்ம மீனும் அதுல கெடக்குது, ஆத்தா” என்றார். மனுவை நாலாகக் கிழித்து என்னிடமே கொடுத்தார்.

அடுத்த பஸ்ஸில் மூன்று பேரும் கிளம்பினோம். என் டிக்கெட்டுக்கு அவரைக் காசு கொடுக்க விடவில்லை. அதற்கும் ஒரு சண்டை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். ராமநாதபுரம் வரும்வரை என் கையை அவர் விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.