சம்பந்தி கொடுத்த கிரிக்கெட் அட்டை

ஆர்.எஸ்.புரம், கோவை
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய சம்பந்தி கண்ணையா அவர்களுக்கு,

கெங்குசாமி வணக்கத்துடன் எழுதுவது. என் முழங்காலும் பங்காரம்மாளின் சர்க்கரையும் நீங்கலாக இங்கே எல்லாம் நலம். கோபிசெட்டிபாளையத்தில் நீங்களும் மாப்பிள்ளை வம்சியும் எங்கள் ஹாரிகாவும் நலமென்று நம்புகிறேன். வாழைத்தார் வந்து சேர்ந்தது.

நான் பழைய அட்டைகள் சேர்ப்பவன் என்பதால், "சும்மா பாருங்க சம்பந்தி" என்று கண்ணாடி பிரேம் போட்ட ஒரு கிரிக்கெட் அட்டையைக் கொடுத்தீர்கள். பிஸ்கட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த காலத்து அட்டை. ஆட்டக்காரரின் முகம் பச்சையாக இருக்கிறது. பின்பக்கம் ஓர் எழுத்துக்கூட இல்லை. எல்லா நிறமும் ஏற்றுவதற்கு முன்பு அச்சகத்தில் சரிபார்க்க எடுக்கும் புரூப்பும் இப்படித்தான் இருக்கும், கிடைப்பது அபூர்வம். ஆகவே நான் அவசரப்படவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பிரேம் மறைத்திருந்த ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. சிவப்பு அச்சாகி, வெளிச்சம் பட்ட இடத்தில் வெளுத்திருக்கிறது. பிறகு, கல்லூரியில் இயற்பியல் நடத்திய நாளில் வாங்கிய, தடிமன் அளக்கும் ஸ்குரூ கேஜை எடுத்து, என்னிடமுள்ள அதே வரிசை அட்டைகள் ஆறோடு ஒப்பிட்டு அளந்தேன். உங்களுடையது பாதிக் கனம். எங்கோ ஒட்டியிருந்து பின்தாள் உரிந்துவிட்டது. என் கை தவறியிருக்கலாமென்று மறுநாளும் அளந்தேன். அப்போதும் பாதிதான்.

இதைச் சொல்லத்தான் உங்களுக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே பங்காரம்மாள் வந்து நின்று, "ஏனுங்க, பொண்ணைக் குடுத்த எடத்துல போயி உங்க அட்டை சொத்தைன்னு சொல்லுவீங்களா?" என்றாள், "அளவுன்னு ஒண்ணு இருக்குதே அம்மணி" என்றேன், "அந்த ஸ்குரூவை உங்க வாய்க்குப் போட்டு முறுக்குங்க" என்றாள், அதற்குள் நீங்கள் எடுத்து, "எப்படிங்க சம்பந்தி, அட்டை ஏதாச்சும் விசேசமுங்களா?" என்று கேட்க, "ஆமாங்க, புரூப்புங்க" என்று என் வாயில் வந்துவிட்டது. நாளைக்குத் திருத்திச் சொல்லிக்கொள்ளலாமென்று இருந்தேன். மறுநாள் வந்ததோ, ஞாயிற்றுக்கிழமை நடக்கும் அட்டைக் கண்காட்சிக்கு நீங்கள் அடித்த அழைப்பிதழ்: "அரிய புரூப் அட்டை. சான்று: பேராசிரியர் கெங்குசாமி." நான் விரிவுரையாளராகவே ஓய்வு பெற்றவன்.

அங்கே வருகிறவர்கள் எல்லோர் பையிலும் லென்ஸ் இருக்கும். உங்கள் பெயருக்குத் தலைகுனிவு வருமுன் சொல்லிவிடுகிறேன்: அது புரூப் அல்ல. அச்சுப் பிழையாலேயே மதிப்புப் பெறும் பிழை அட்டைகூட அல்ல. தவறு என்னுடையது. இதற்காக ஹாரிகாவிடம் முகம் சுளிக்க வேண்டாம். அவளுக்கு அட்டையும் தெரியாது, கிரிக்கெட்டும் தெரியாது.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் இருவரும் சண்டையில்லாமல் நூறாண்டு இருக்கட்டும்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
கெங்குசாமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஹாரிகா போன் செய்தாள். "அப்பா, சின்ன வயசுல அந்த அட்டையை பீரோக் கதவுல ஒட்டிப் பிச்சு எடுத்ததே மாமாதானுங்களாமா. படிச்சவரு புரூப்புன்னு சொல்றப்ப, அதெல்லாம் இல்லீங்கன்னு எப்படிச் சொல்றதுன்னு அழைப்பிதழே அடிச்சுப்போட்டாருங்க. இப்ப மூணு நாளா சரியாச் சாப்புடறதில்லீங்க" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதெல்லாம் என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் அட்டையை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வருகிறேன். நாலு பேர் முன்னால் என்னைக் கோபித்துக்கொள்ளுங்கள். கொஞ்சமாகக் கோபித்தால் போதும், மிச்சத்துக்குப் பங்காரம்மாளும் வருகிறாள்.