நார்மன் பிம்முக்கு எதிரான கண்டனத் தீர்மானம்

பிரிட்டிஷ் ராக் இசையின் வரலாற்றை எழுதப் புகுந்த அறிஞர்கள் லண்டன், மான்செஸ்டர் என்று அலைந்து காலத்தையும் காலணியையும் வீணாகத் தேய்த்திருக்கிறார்கள். பொள்ளாச்சியில் பஸ் ஏறி, எல்லை தாண்டிக் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் இறங்கியிருந்தால் வேலை ஒரே பிற்பகலில் முடிந்திருக்கும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மாட்டுத்தீவனக் கடை. அதன் மாடியில், புண்ணாக்கு வாசனைக்கு நடுவே, ராக் இசையின் தலைசிறந்த சிந்தனையாளர்கள் பதினான்கு பேர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தவறாமல் கூடுகிறார்கள். மழை வந்தாலும் கூடுவார்கள். ஹர்த்தால் என்றாலும் கூடுவார்கள். இங்கிலாந்தில் இத்தகைய பொறுப்புணர்ச்சி கிடையாது.

அமைப்பின் முழுப்பெயர், 'காப்பர் ஹெரான்ஸ் ரசிகர் கழகம், கிழக்குப் பாலக்காடு மற்றும் இடுக்கி'. காப்பர் ஹெரான்ஸ் என்பது எழுபதுகளில் நான்கு ஆங்கிலேயர்கள் சேர்ந்து நடத்திய இசைக்குழு. ஐந்து ஆல்பங்கள் போட்டார்கள், சண்டை போட்டார்கள், பிரிந்தார்கள். ஹெரான் என்றால் கொக்கு என்று யாரோ ஊரில் சொல்லிவிட்டதால், கீழே தீவனம் வாங்க வருகிறவர்கள் கழகத்தைக் 'கொக்குச் சங்கம்' என்பார்கள். மேதைகளை ஊர் புரிந்துகொண்டதாக எங்கும் பதிவில்லை.

கழகத்தின் செயலாளர் அருள்குமார். சொட்டுநீர்ப் பாசனக் குழாய்க் கடை வைத்திருப்பவர். கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது பக்கத்து அறைக்காரன் ஒலிக்கவிட்ட ஒரு காப்பர் ஹெரான்ஸ் பாட்டின் டிரம்ஸ் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்ததாம். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் அந்தப் பாட்டுகளைச் சும்மா கேட்டுக்கொண்டே இருந்தார். ஊருக்குத் திரும்பிக் கழகத்தில் சேர்ந்தபின்தான், கேட்பது என்பது தொடக்கநிலை மாணவர்களுக்கானது என்று தெரிந்துகொண்டார்.

கழகத்தில் இரண்டு அணிகள். தலைவர் சென்னியப்பன், பதினெட்டு ஏக்கர் தென்னந்தோப்புக்காரர், 'தேய்வு' அணி. மூன்றாவது ஆல்பத்தோடு குழு தேய்ந்துவிட்டது என்பது அவருடைய கொள்கை. எதிரணி ஈஸ்வரன், 'வளர்ச்சி' அணி. மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற மலையூரில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுபவர். மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி ஐந்து மணி நேரம் வந்து, "நான் ஏத்துக்கிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடி ஐந்து மணி நேரம் திரும்பிப் போவார். கொள்கைக்காக இடுப்பைக் கொடுத்தவர்.

ஆனால் ஒரு விஷயத்தில் இரு அணிகளும் ஒன்று. காப்பர் ஹெரான்ஸுக்கு வெளிநாட்டில், அதிலும் ஜப்பானில், மாபெரும் புகழ் இருந்தது. ஐந்தாவது ஆல்பமே டோக்கியோ மேடையில் பதிவானது. ஆயிரக்கணக்கான ஜப்பானியர் கைதட்டுவது அதில் தெளிவாகக் கேட்கும். இதை ஆராய 'வெளிநாட்டுப் புகழ்த் துணைக்குழு' ஒன்பது ஆண்டுகளாக உழைத்துவந்தது.

அருள்குமாரின் மனைவி செல்வப்பிரியா, அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை, ஒருநாள் துணைக்குழுவுக்குக் காபி கொண்டுவந்த இடத்தில் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, அவங்க இங்கிலாந்துக்காரங்க. அப்ப அவங்களுக்கு நாமளும் வெளிநாடுதானுங்களே? நம்மளக் கணக்குல சேத்துனீங்களா?"

துணைக்குழு இதை ஆறு மாதம் பரிசீலித்தது. வெளிநாடு என்பது நமக்கும் வெளியே இருந்தால்தான் வெளிநாடு என்று முடிவெடுத்துக் கேள்வியைத் தள்ளுபடி செய்தது.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் நார்மன் பிம். காப்பர் ஹெரான்ஸின் டிரம்மர். வயது எழுபத்தேழு. குழுவை விட்டபின் முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூணாறுக்கு விடுமுறைக்கு வருவதாகவும், இணையத்தில் தேடியபோது தங்கள் கழகத்தைக் கண்டு திகைத்துவிட்டதாகவும், கோவை விமானத்தைப் பிடிக்கும் வழியில் ஒரு மணி நேரம் வந்து உங்களையெல்லாம் பார்க்கலாமா என்றும் எழுதியிருந்தார்.

அருள்குமார் அதை நாலு தடவை படித்தார். விடுதிச் சுவரைத் தாண்டி வந்து தட்டிய கைகள் இந்த நார்மனுடையவை.

அவசரக் கூட்டம் கூடியது.

"வரட்டுங்க," என்றார் சென்னியப்பன். "ஆனா தலைவர் உக்கார்ற அத்தியட்சன் நாற்காலியில அவர உக்கார வெக்க முடியாதுங்க. பைலாவுல இடமில்ல."

"அவரு உறுப்பினரா?" என்று கேட்டார் ஈஸ்வரன்.

"சேரறதுக்கு அபேட்சை மனு குடுக்கலீங்களே."

"அப்பம் பார்வையாளருன்னு போடுங்க."

காப்பர் ஹெரான்ஸின் டிரம்மர், காப்பர் ஹெரான்ஸ் கூட்டத்துக்குப் 'பார்வையாளர்' என்ற தகுதியில் ஏகமனதாக அனுமதிக்கப்பட்டார்.

குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஈஸ்வரனின் ஜீப்பில் நார்மன் பிம் வந்து இறங்கினார். ஒல்லியான, உயரமான மனிதர். வலது முழங்காலில் பட்டி. முகத்தில் களைப்பு. மலைப்பாதை காரணமல்ல. ஐந்து மணி நேரமும் ஈஸ்வரன் அவருக்கு டிரம்ஸ் எப்படி வாசித்திருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டு வந்திருந்தார்.

அருள்குமார் மாலையைப் போட்டார். சொல்ல வைத்திருந்த ஆங்கில வாக்கியத்தை மறந்துவிட்டார். நார்மன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார். மொழிபெயர்ப்புக்காக வந்திருந்த செல்வப்பிரியா தமிழில் சொன்னார்:

"உங்கள்ல யாரு என்னென்ன வாசிப்பீங்கன்னு கேக்கறாருங்க."

பதினான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நாங்க வாசிக்கறதில்லீங்க," என்றார் சென்னியப்பன் கம்பீரமாக. "நாங்க விவாதிக்கறோம்னு சொல்லும்மிணி."

கூட்டம் தொடங்கியது. வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் நிற்பதுபோல வாழ்த்துரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. அன்றைக்குப் பார்த்துப் பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயிலில் நோம்பித் திருவிழா. ஜமாப் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. இசை பற்றிய உரைகளுக்கு இசை இடைஞ்சலாக இருந்ததால், ஜன்னல்களைச் சாத்தும்படி தலைவர் உத்தரவிட்டார். அருள்குமார் சாத்தினார். அப்போது கவனித்தார்: நார்மனின் விரல்கள் நாற்காலிக் கையில் மேளத்தோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தன. ஜன்னல் மூடியதும் விரல்கள் நின்றன.

முக்கிய விவாதம் வந்தது. ஈஸ்வரன் எழுந்து, ஜப்பானியப் பயணத்தில் குழுவுக்குக் கிடைத்த வரவேற்பு பற்றிப் பார்வையாளர் இரண்டு நிமிடம் சாட்சியம் சொல்லலாம் என்றார்.

செல்வப்பிரியா கேட்டுச் சொன்னார். நார்மன் தலையைச் சொறிந்தார். ஏதோ சொன்னார். செல்வப்பிரியா மொழிபெயர்க்காமல் கணவரைப் பார்த்தார்.

"என்னம்மிணி சொல்றாரு?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"ஜப்பானுக்கு அவங்க போனதே இல்லீங்களாம்."

ஈஸ்வரன் துணைக்குழுவின் அறிக்கையை அவசரமாகப் புரட்டினார்.

"அப்புறம் டோக்கியோ ஆல்பம்?"

"லீட்ஸ் நகரத்துல ஒரு கிடங்குல பதிஞ்சாங்களாம். டோக்கியோன்னு போட்டா விக்கும்னு கம்பெனிக்காரங்க பேரு வெச்சுட்டாங்களாம்."

"கைதட்டல்?" என்று கேட்டார் சென்னியப்பன். "அத்தன சனம் கை தட்டுதுங்களே!"

செல்வப்பிரியா மறுபடி கேட்டார். பதிலைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"அது ஒரு மாட்டுக் கண்காட்சியில எடுத்ததாமுங்க. முதல் பரிசு வாங்குன எருதுக்கு."

கழகத்தின் வரலாற்றில் முதன்முறையாகத் தேய்வு அணியும் வளர்ச்சி அணியும் ஒரே பக்கம் எழுந்து நின்றன.

"என்னண்ணே பேசுதாரு இவரு!" என்றார் ஈஸ்வரன். "நாங்க ஒம்பது வருசம் ஆராய்ச்சி செஞ்சிருக்கோம்! நாப்பது பக்கம் அறிக்கை இருக்கு!"

"அவரு வெறும் டிரம்மருங்க," என்றார் சென்னியப்பன். "பின்னாடி உக்காந்து தட்டுனவருக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு எப்படீங்க தெரியும்? வயசும் ஆயிப்போச்சு. மறந்திருப்பாரு."

"தலைவரே," என்றார் அருள்குமார் மெதுவாக, "அவரு போயிருந்தா அவருக்குத் தெரியாதுங்களா?"

"செயலாளர் குறிப்பு எழுதுனாப் போதுமுங்க."

நார்மன் எழுந்து, கழிப்பறை எங்கே என்று சைகையில் கேட்டு, படியிறங்கிப் போனார். அவர் இல்லாத வசதியில் அவரைப் பற்றிய விவாதம் சூடு பிடித்தது. அரைமணி நேரமாகியும் ஆள் திரும்பவில்லை. கண்டனத் தீர்மானத்தை நேரில் வாசித்துக் காட்டினால்தான் செல்லும் என்பதால், கூட்டிவரும்படி அருள்குமாரை அனுப்பினார்கள்.

அருள்குமார் கழிப்பறையைப் பார்த்தார், தீவனக் கடையைப் பார்த்தார், பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். கடைசியில் காது கூட்டிப்போன இடத்துக்குப் போனார்.

கோயில் முன்னால் கூட்டம் வட்டமாக நின்றது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நார்மன் பிம், முழங்காலை நீட்டி, மடியில் சாய்த்துக் கட்டிய பெரிய மேளத்தோடு. எதிரே ஜமாப் குழுவின் தலைமை மேளக்காரர் பிச்சைமணி. பிச்சைமணி ஒரு அடி போட்டுக் காட்டுவார். நார்மன் வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துத் திருப்பித் தருவார். "ஹேய்!" என்று பிச்சைமணி குதிப்பார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஒருவர் சொன்னதை மற்றவர் ஒருமுறைகூட மறுக்கவில்லை.

பிறகு நார்மன் தனியாக ஒன்றை எடுத்தார். அருள்குமாருக்கு உடம்பு சிலிர்த்தது. விடுதிச் சுவரைத் தாண்டி வந்த அதே அடி. இப்போது நடுவில் சுவர் இல்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வட்டத்துக்குள் இறங்கினார். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன. பையில் கைபேசி ஏழு தடவை அடித்தது. மேளத்தில் அது யாருக்குக் கேட்கும்?

ஓய்வில் இளநீர் குடிக்கும்போது பிச்சைமணி கேட்டார்: "ஏனுங், இந்தப் பெரியவரு ஆருங்க? கை அப்படிப் பேசுது!"

"இங்கிலாந்துல வாசிச்சவருங்க."

"அப்படியா! அந்த ஊர்ல நல்லாக் கேட்டாங்களாக்கும்?"

அருள்குமார் அதை ஆங்கிலத்தில் நார்மனிடம் கேட்டார். நார்மன் சிரித்தார். கேட்டார்கள் என்றார். ஆனால் கடைசி வருடத்தில் வாசித்ததைவிடக் கூட்டம் போட்டுப் பேசியதே அதிகம், அதனால்தான் பஸ் ஓட்டப் போனேன் என்றார். பிறகு வாடகைக் கார் வந்தது. பிச்சைமணி தன் மேளக் குச்சிகளைக் கொடுத்தார். நார்மன் அவற்றைக் குழந்தையைப்போல் மார்போடு பிடித்துக்கொண்டு விமானத்துக்குப் போய்விட்டார்.

மாடியில் தீர்மானம் அவர் இல்லாமலே நிறைவேறியிருந்தது. ஒன்று: பார்வையாளரின் கூற்று குறிப்பேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. இரண்டு: டோக்கியோ ஆல்பம் டோக்கியோவிலேயே பதிவானது. மூன்று: காப்பர் ஹெரான்ஸின் பெருமையைச் சற்றும் உணராத நார்மன் பிம்மைக் கழகம் வன்மையாகக் கண்டிக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்தில் நிகழ்ச்சிநிரலின் முதல் பொருள் அருள்குமார்.

"செயலாளர் பேர்ல ஒரு பராதி, புகாரு, வந்திருக்குதுங்க," என்றார் சென்னியப்பன். "சபை நடக்கறப்பக் கீழ போயி, முக்கா மணி நேரம் மேளம் கேட்டீங்கன்னு."

"கேட்டது மட்டுமில்ல," என்றார் ஈஸ்வரன். "ஆடவும் செஞ்சாருன்னு பார்த்தவுக சொல்லுதாக."

ஆடவில்லை, ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடலாம். பதினைந்து வருடச் செயலாளர் பதவி. சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தார்.

"ஆமாங்க," என்றார். "கேட்டனுங்க. ஆடுனனுங்க."

சென்னியப்பன் பேனாவை மூடி வைத்தார். முன்னால் குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குறிப்புல வேண்டாமுங்க... சும்மா கேக்கறன். எப்படீங்க இருந்துச்சு?"

அருள்குமார் வார்த்தை தேடினார். கிடைக்கவில்லை. மேசையில் இரண்டு கைகளாலும் அந்த அடியைத் தட்டிக் காட்டினார். தண்ணீர்த் தம்ளர்கள் அதிர்ந்தன. சென்னியப்பனின் தலை தானாக ஆடத் தொடங்கியது. ஈஸ்வரனின் ஜீப் ஓட்டும் கால் தரையில் மிதித்தது. ஒரு நிமிடம் அந்த மாடியில் பதினான்கு பேரும் எந்த அணியிலும் இல்லை.

"பாயின்ட் ஆஃப் ஆர்டர்!" என்று ஈஸ்வரன் திடுக்கிட்டு எழுந்தார். "சபைக்குள்ள வாசிக்காரு!"

தலைவர் தலையை நிறுத்தினார். பேனாவைத் திறந்தார்.

வாக்கெடுப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அருள்குமார் நீக்கப்பட்டார். அன்று முதல் காப்பர் ஹெரான்ஸ் ரசிகர் கழகத்தில் காப்பர் ஹெரான்ஸ் வாசித்து நேரில் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. மீதமுள்ள பதின்மூன்று பேரின் கருத்தை இனி எந்த இசையாலும் கெடுக்க முடியாது.