ஓடையில் மீன் வந்தால் வருவேன் என்ற அக்காவுக்கு

என் மதிப்புக்கும் பயத்துக்கும் என்றும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் உன் தம்பி பெண்டாட்டியும் நலம், அவள் முழங்கால் மட்டும் நலமில்லை. அத்தானுக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். என் கடிதத்தால் அது மறுபடி ஏறிவிடக் கூடாதே என்று நல்ல சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓடையில் மீன் வந்துவிட்டது.

ஆமாம், நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் அதே ஓடைதான். பொதுப்பணித் துறைப் பொறியாளன் என்ற மிடுக்கில், இருபத்தாறு வருடத்துக்கு முன் நான் வளைவையெல்லாம் நிமிர்த்திக் கான்கிரீட் போட்டேனே, அதுவேதான். திறப்பு விழாவில் பாராட்டுவாய் என்று உன்னைத் திரும்பிப் பார்த்தேன். "நல்லா சாக்கடை கட்டியிருக்கடா. இங்க மறுபடி மீன் முட்டை போடுற அன்னிக்குதான் உன் வீட்டு வாசப்படி மிதிப்பேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனாய். போனவள் போனவள்தான். அதன் பிறகு கல்யாணம் காட்சியில் பார்த்தால் "சாப்பிட்டியா?" என்பதோடு சரி.

ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. போட்டவனே உடைக்க அனுமதி கேட்கிறான் என்று என் பழைய அலுவலகத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஐந்து வருடம் அலைந்து வாங்கி, கான்கிரீட்டை உடைத்தெடுத்தேன். மீன் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண், நாங்கள் மீன் டீச்சர் என்போம், வந்து வழி சொன்னாள்: ஓடை வளைந்து போக வேண்டும், குறுக்கே மரக்கட்டை கிடக்க வேண்டும், நெல்லிக்காய் அளவுக் கூழாங்கல் லேசாகக் குவிந்திருக்க வேண்டும், அந்த இடுக்கில்தான் முட்டை பிழைக்கும். நானும், மட்டப்பலகை என்று பெயர் வாங்கிய ஓய்வு பெற்ற மேஸ்திரியும், அவர் கூட்டிவந்த நாலு கொத்தனார்களும் நன்றாகத் தலையாட்டினோம். நாற்பது வருடம் கட்டடம் கட்டிய கை சும்மா இருக்குமா? கல்லைச் சலித்து, கழுவி, ரசமட்டம் வைத்துப் பரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து, ஓரத்தில் சிமெண்டும் பூசிவிட்டார்கள். நானாவது தடுத்தேனா? "இடது பக்கம் அரை இஞ்ச் தூக்குது" என்று திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் வந்த மீன் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு கல்லு கூட ஆடலையே சார், முட்டை எங்க போய் ஒளியும்?" என்றாள். "ஆடாதும்மா, நூறு வருஷம் நிக்கும்" என்றார் மேஸ்திரி பெருமையாக. "அதாங்க பிரச்சினையே!" கடப்பாரை போட்டு எல்லாவற்றையும் பெயர்த்தோம். தாறுமாறாகக் கல் போடு என்றால் மேஸ்திரி கை தானாகவே வரிசையாக அடுக்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு கூடையைக் கவிழ்க்கச் சொன்னோம். கூடையோடு அவரும் கவிழ்ந்தார். அவர் விழுந்து புரண்ட இடம்தான் முதல்தரம் என்று டீச்சர் சொன்னதில் அவருக்கு இன்னும் வருத்தம்.

முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதெல்லாம் நம் நினைப்புத்தான். மழை விட்ட மறுநாள் பள்ளிக்கூடப் பையைக் கரையில் எறிந்துவிட்டு நாம் குப்புறப் படுத்திருப்போம். ஆண் மீன் பெண் மீனை இடித்து இடித்துக் கல் மேட்டுக்கு ஓட்டிப்போகும். நான் விழுந்துவிடாமல் என் சட்டையை நீ பின்னாலிருந்து பிடித்திருப்பாய். "மூச்சு விடாதடா, மிரண்டுடும்" என்பாய், நானும் முகம் சிவக்க அடக்கிக்கொண்டிருப்பேன். அந்தக் கல் மேட்டின் மேல்தான் அக்கா நான் கான்கிரீட் போட்டேன். வரைபடத்தில் அது வெறும் கோடாகத்தான் தெரிந்தது. தப்பு என்னுடையதுதான். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

போன வாரம் மழை விட்டதும் வந்தன பார், நாற்பது ஜோடி! கல் தெரியாத அளவுக்கு முட்டை. உன் சபதம் நிறைவேறிவிட்டதால் அத்தானோடு அடுத்த பஸ்ஸில் வந்து சேர். மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன்.

அத்தானுக்கு வணக்கம், பேரப் பிள்ளைகளுக்கு என் ஆசியும் முத்தமும்.

இப்படிக்கு,
உன்னிடம் குட்டும் அன்பும் சரிபாதியாக வாங்கி வளர்ந்த
தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், கை வரவில்லை. ஒரு மீன் கூட வரவில்லை அக்கா. நாற்பது ஜோடியும் என் கைச்சரக்கு. "அடுத்த வருஷம் வரலாம், வராமலும் போகலாம் சார்" என்கிறாள் டீச்சர். மீனுக்கென்ன அவசரம், எனக்கு எழுபத்து மூன்று, உனக்கு எழுபத்தெட்டு. ஆனால் ஒன்று. கான்கிரீட் போட்ட நாளிலிருந்து ஊமையாய் ஓடிய தண்ணீர், கல் போட்டதிலிருந்து சத்தம் போடுகிறது. மாடி ஜன்னலைத் திறந்தால் நாம் படுத்துக்கொண்டு கேட்ட அதே சத்தம். சபதத்தில் சத்தத்தைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. வா.