கோலாலம்பூரில் சூடை மீன் கூவியவள்

என் காசைக் காப்பாற்ற நான் செய்த ஏற்பாடுகள் இதுவரை ஒரே ஒருத்தியிடமிருந்துதான் அதைக் காப்பாற்றியிருக்கின்றன. அந்த ஒருத்தி நான்தான்.

தொழிலால் நான் வலையமைப்புப் பொறியியலாளர். கணினிகள் ஒன்றோடொன்று கதைக்க வழி போட்டுக் கொடுப்பதும், கதைக்கக் கூடாதவற்றைக் கதைக்க விடாமல் அடைப்பதும் என் வேலை. இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி வரும். எதைப் பார்த்தாலும், இது பழுதானால் அடுத்தது என்ன என்று மனம் கேட்கும். எங்கள் வீட்டில் உப்புப் போத்தல்கூட இரண்டு. (அது வியாதியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, வேலையில்லாதவள் பார்க்கிற வேலை என்பது உம்மாவின் கருத்து.)

கம்பனி என்னை இரண்டு மாதப் பயிற்சிக்காகக் கோலாலம்பூருக்கு அனுப்பப் போகிறது என்றதும் கல்முனையில் எங்கள் வீட்டு மேசையைச் சுற்றி ஒரு வாரம் கூட்டம் நடந்தது. முடிவில், உம்மாவும் கூடப் போவதென்று தீர்மானமானது. காசு விடயத்தில் மட்டும் வாப்பா தனியாக ஒரு நிபந்தனை வைத்தார். அடுத்த வருடம் மேற்படிப்புக்குத் தனியே வெளிநாடு போக நான் துடித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும்.

"இந்த ரெண்டு மாசமும் காசத் துலைக்காம, ஆரிட்டயும் கை நீட்டாமப் போயிட்டு வா. மறுகா நீ தனியப் போறதப் பத்திக் கதைப்பம்."

அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அது பயணமாகத் தெரியவில்லை, பரீட்சையாகத்தான் தெரிந்தது. பரீட்சை என்றால் நான் விட மாட்டேன்.

பட்டியல் போட்டேன். இரண்டு வங்கிகளில் இரண்டு கார்ட்: ஒன்று கைப்பையில், மற்றது பெட்டியின் உள்மடிப்பில். கடைச் செலவுக்குக் கொஞ்சம் ரிங்கிட் நோட்டு உம்மாவின் பர்ஸில். கார்ட் களவு போனாலும் கள்ளனுக்குப் பிரயோசனப்படக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு தடவை பாவித்ததும் வங்கியின் ஆப்பில் போய் அதைப் பூட்டிவிடுவது, தேவை வந்தால் திறப்பது. கடைசியில் என் இலங்கை சிம். அதைக் கொண்டு போனால் தொலையலாம், ரோமிங் கட்டணமும் பகல் கொள்ளை. ஆகவே அதை ஒரு பழைய போனில் போட்டு வாப்பாவிடம் ஒப்படைத்தேன். வங்கி ஓடிபி அனுப்பினால் அது அந்தப் போனுக்குப் போகும், அவர் எனக்கு வாசித்துச் சொல்வார்.

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கொண்டுபோய் ஒரேயொரு வாப்பாவில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன் என்பது மட்டும் பொறியியலாளரின் மூளைக்கு எட்டவில்லை.

எட்டாதது போதாதென்று வாப்பாவுக்கு வகுப்பும் நடத்தினேன். எங்கள் தெருவில் ஒருவர், வங்கியிலிருந்து கதைக்கிறோம் என்ற போனை நம்பி இலக்கத்தைச் சொல்லி, சேமிப்பையெல்லாம் பறிகொடுத்திருந்தார். வாப்பாவுக்கு அப்படி நடக்கக் கூடாது. என் தோழியை வங்கிக்காரியாக நடிக்கச் சொல்லி அவருக்குப் போன் எடுக்க வைத்தேன். முதல் தடவை வாப்பா இலக்கத்தையும் கொடுத்து, "சாப்பிட்டீங்களா மகள்?" என்றும் கேட்டார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு பாடத்தை மறுபடி ஆரம்பித்தேன். இந்தக் காலத்தில் கம்பியூட்டரால் என் குரலையே செய்யலாம், வீடியோவில் என் முகத்தையும் செய்யலாம், நானே அழுது கேட்டாலும் சந்தேகப்படுங்கள் என்றேன். வயலுக்கு மருந்து அடிக்கும் அளவைக் கேட்பது போல வாப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த பரீட்சையில் தோழி வாங்கிக்கட்டிய ஏச்சில் அவள் இரண்டு நாள் என்னோடும் கதைக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

உண்மையான நான் எடுத்தால் எப்படி அடையாளம் காண்பது என்பதை மட்டும் அந்த வகுப்பில் நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதல் மாதம் பிசகில்லாமல் ஓடியது. ஆப்பைத் திறந்தேன், கட்டினேன், பூட்டினேன். வாப்பாவின் உதவி தேவைப்படவே இல்லை. பிறகு இரண்டாம் மாத வாடகை நாள் வந்தது. பயிற்சி முடிந்து பின்னேரம் நேரே நாங்கள் தங்கியிருந்த கட்டடத்தின் வரவேற்பு மேசைக்குப் போனேன். உம்மாவும் கீழே இறங்கி வந்திருந்தார், அப்படியே கடைக்குப் போய் மீன் வாங்கலாம் என்று. கார்டைத் திறக்கப் போனை எடுத்தால், அன்று காலை அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குஷியில் இரண்டு வங்கி ஆப்பும் என்னை மறந்துவிட்டன. நீங்கள் யார் என்று கேட்டு, பதிவு செய்த இலக்கத்துக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றன.

கார்ட் இரண்டும் பூட்டில். திறப்பு இலங்கையில்.

மேசையில் இருந்த பெண் மிக மரியாதையாகச் சொன்னாள்: இன்று கட்டாவிட்டால் அறைக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், எங்கள் கையில் ஒன்றுமில்லை. (நான் ஊர் முழுக்கக் கார்டுக்குச் செய்துகொண்டு திரிந்ததைத்தான் அவர்கள் கதவுக்குச் செய்கிறார்கள்.) உம்மாவின் பர்ஸில் அரிசிக்கும் மீனுக்கும்தான் இருந்தது. பின்னால் வரிசை. வரிசையில் முதல் ஆட்களாக, எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒரு மாமாவும் மாமியும். சுற்றுலா வந்தவர்கள். லிஃப்டில் உம்மா கதைப்பதைக் கேட்டு, "நீங்க நம்மட பக்கமா?" என்று மாமி ஒட்டிக்கொண்டது அதற்கு முந்திய நாள்தான்.

வாப்பாவின் சொந்தப் போனுக்கு எடுத்தேன். சவளக்கடை வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். பழைய போன் பொலித்தீன் பையில் சுற்றி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த விடயத்தில் குறை சொல்ல முடியாது.

"வாப்பா, ஓடிபி வந்திருக்கும். வாசிங்க."

"ஆரு கதைக்கிற?"

"நான்தான் வாப்பா. மகள்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

வீடியோவைப் போட்டேன். வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கானுகள்" என்றார். "ஆனா எங்கட மகள்ட கண்ணுக்குக் கீழ இப்பிடிக் கறுப்பு இல்ல."

ஒரு மாதம் இரவிரவாகப் படித்ததற்குக் கிடைத்த சான்றிதழ் அது. இதற்கிடையில் அந்த இலக்கம் காலாவதியாகிவிட்டது. புதிதாக ஒன்று கேட்டேன். உம்மா போனைப் பறித்தார். உம்மா கதைத்தால் முடிந்துவிடும் என்று நானும் நம்பினேன். வாப்பாவோ, உம்மாவையும் செய்வானுகள் என்று மகள்தான் சொன்னவள் என்றுவிட்டு, கலியாணம் முடித்த மறுநாள் காலையில் என்ன சாப்பிட்டோம் என்று கேள்வி கேட்டார்.

உம்மாவின் முகம் மாறியது.

"முப்பது வருசமா உங்களுக்குச் சோறு போடுறன். இப்ப நான் சோதின எழுத வேணுமா?"

போனை வைத்துவிட்டார். இரண்டாவது இலக்கமும் போனது. இன்னும் ஒரு முயற்சிதான், அதற்குப் பிறகு வங்கியோடு தொடர்புகொள்ளவும் என்று ஆப் சொன்னது. ஊரில் அந்த நேரம் வங்கி மூடியிருக்கும்.

பின்னாலிருந்து சிப் திறக்கும் சத்தம் கேட்டது. சம்மாந்துறை மாமி கைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார். "எவ்வளவு புள்ள? நான் கட்டுறன். ஊருக்குப் போய்த் தாங்க." நல்ல மனுசி. உம்மாவின் கண்கள் வாங்கு, வாங்கு என்றன. வாங்கினால் அறை இருக்கும், மேற்படிப்பு இருக்காது. கை நீட்டிய செய்தி, நாங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே சம்மாந்துறையிலிருந்து கல்முனைக்கு வந்து எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்திருக்கும்.

"இல்ல மாமி. ரெண்டு நிமிசம்" என்றேன்.

ஆப்பிடம் மூன்றாவது இலக்கத்தைக் கேட்டுவிட்டு வாப்பாவுக்குப் போன் எடுத்தேன். வாப்பா ஒரு முடிவோடு இருந்தார்.

"சரி. என்ட மகள் எண்டா, சின்னதில கேற்றில ஏறி நிண்டு ஒண்டு கூவுவா. அதக் கூவு."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு மோட்டார் சைக்கிளில் கீரி, சூடை என்று சின்ன மீன்கள் கொண்டுவரும் அண்ணன் ஒருவர், எங்கள் வழக்கில் காக்கா, இருந்தார். ஐந்து வயதில் நான் கேற்றில் தொங்கிக்கொண்டு அவரைப் போலவே கூவுவேன். பக்கத்து வீடுகளிலிருந்து சட்டியோடு ஆட்கள் வெளியே வந்து ஏமாந்து போவார்கள். அந்தக் கூவலின் கடைசியில், எங்கள் பூனைக்காக நானே சேர்த்த ஒரு வரியும் உண்டு. அது எந்தக் கம்பியூட்டருக்கும் தெரியாது.

வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"கேக்கல்ல. இஞ்ச தண்ணிச் சத்தம்."

அந்த இடத்தில் நான் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். கைப்பையைத் தரையில் வைத்தேன். முக்காட்டைச் சரிசெய்தேன். நிமிர்ந்து நின்று, வயிற்றிலிருந்து குரலை எடுத்தேன்.

"கீரீ மீனேய்... சூடே மீனேய்... கீரீ... பூனைக்குச் சும்மாஆஆ..."

சலவைக்கல் மண்டபம் அதை வாங்கி, மேல் மாடி வரைக்கும் கொண்டுபோய், எனக்கே திருப்பித் தந்தது. மேசைப் பெண்ணின் கை தட்டச்சில் நின்றது. வாசல் காவலாளி உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டு வெளியே போனார். லிஃப்ட் திறந்தது, உள்ளே நின்றவர்கள் இறங்காமல் மறுபடி மூடவிட்டார்கள்.

போனில் வாப்பா, நெல் மூடை நிறுக்கும்போது சொல்வது போல, ஒவ்வோர் இலக்கத்தையும் இரண்டு தடவை சொன்னார்.

ஆப் திறந்தது. கார்ட் திறந்தது. வாடகை கட்டினேன். இரு கையாலும் ரசீதை நீட்டிய பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பினேன். அதுவரை வாயே திறக்காத சம்மாந்துறை மாமா கேட்டார்:

"புள்ள, கீரி கிலோ என்ன வில?"

எதிர்பார்த்தது போலவே கதை எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் அது கடன் வாங்கிய கதை இல்லை, மீன் விற்ற கதை. நாங்கள் ஊர் வந்த அன்று வீட்டு மேசையில் வாப்பா தீர்ப்புச் சொன்னார்: "ஆரிட்டயும் கை நீட்டல்ல. போகட்டும்." "கை நீட்டல்லதான், தொண்டையத்தான் நீட்டின" என்று உம்மா திருத்தினார்.

நான் கூவியதும் நம்பிவிட்டீர்களா என்று வாப்பாவிடம் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், அதுக்கு முந்தியே நம்பிட்டன் என்று. குரலைச் செய்யலாம், முகத்தைச் செய்யலாம், உம்மா போனை வைத்த மாதிரி எவனாலும் வைக்க முடியாதாம்.

"அப்ப என்னத்துக்கு என்னக் கூவ வெச்ச நீங்க?"

"கேட்டுக் கனகாலம் ஆயிட்டு" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் என்ன கேட்டாலும், உப்புப் போத்தலைக் கேட்டால்கூட, முதலில் கூவிக் காட்ட வேண்டும்.

இப்போது நான் படிக்க வந்திருக்கிறேன், தனியே. பட்டியலின் முதல் வரி: சிம் என்னோடு. பழைய போனிலிருந்து அதைக் கழற்றியபோது, "அப்ப எனக்கு இனி ஒண்டும் வராதா?" என்று வாப்பா கேட்டார். அதனால், பெரிதாக ஒன்றும் இல்லாத ஒரு வங்கிக் கணக்கை மட்டும் அவருடைய போன் இலக்கத்தில் விட்டுவிட்டு வந்தேன். அதைத் திறக்க எனக்கு ஒரு தேவையும் இல்லை. ஆனாலும் மாதக் கடைசியில், ஜன்னலை மூடிவிட்டு அந்தக் கணக்கைத் திறக்கிறேன்.

போன மாதம் பக்கத்து அறைப் பிள்ளை சத்தம் கேட்டு வந்து கதவைத் தட்டி, ஏதும் பிரச்சினையா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, கொஞ்சம் பொறு என்று கை காட்டினேன். வாப்பா கடைசி இலக்கத்தை இரண்டாம் தடவை இன்னும் சொல்லி முடிக்கவில்லை.