பதினோராம் நம்பர் ஜாடி

மூளையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவனுக்கு மூளை இருந்தாக வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் விதி வைக்கவில்லை. வைத்திருந்தால் நான் இந்நேரம் அப்பாவின் லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருப்பேன்.

சங்ககிரி பக்கம் ஒரு பிசியோதெரபி கல்லூரியில் உடற்கூறியலும் நரம்பியலும் சொல்லிக்கொடுக்கிறேன். சேர்ந்த முதல் வருடம் நான் தற்காலிக ஆசிரியர். செய்முறைத் தேர்வை ஒழுங்காக நடத்திக் காட்டினால் நிரந்தரம் என்று முதல்வர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் வந்தால் நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது என்று வகுப்பில் கலர் கலராகப் படம் வரைந்து விளக்கியவன்தான் நான். எனக்கே வந்தபோது அந்தப் படம் பத்து பைசாவுக்கு உதவவில்லை.

அந்தத் தேர்வு எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். இருபது மேசை. ஒவ்வொன்றிலும் ஓர் எலும்போ, பிளாஸ்டிக்கில் செய்த மூளை மாதிரியோ, நம்பர் அட்டையோடு இருக்கும். அதில் ஓர் இடத்தில் சின்னதாகச் சிவப்புப் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டுவோம். புள்ளி இருக்கும் பகுதியின் பெயரை மாணவர்கள் எழுத வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும், அடுத்த மேசைக்கு நகர வேண்டும். ஸ்டிக்கரை வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் நானும் சேர்ந்து காலை ஒன்பது மணிக்கு ஒட்டுவதாக ஏற்பாடு.

அன்று காலை ஆறு மணிக்கு அப்பா எழுப்பினார். அவருக்கு இரண்டு லாரி. ஜாக்கி, ஸ்பேனர் வரைக்கும் பொட்டு வைக்காமல் எதையும் தொடமாட்டார்.

"ஏஞ்சாமி, அந்த எலும்புக்கெல்லாம் பொட்டு வெச்சயா?"

"அது காலேஜுங்கப்பா. அங்கெல்லாம் அப்படி வெக்கக் கூடாதுங்க."

"மொதல் லோடு ஏத்தற வண்டிய வெறும் நெத்தியோட யாராச்சும் எடுப்பாங்களா? இன்னைக்கு உனக்கு மொதல் லோடு. வெச்சுட்டு அப்பறம் தொடச்சுக்கோ, போ."

நான் அறிவியல் படித்தவன். மூடநம்பிக்கை எனக்குக் கிடையாது. (குங்குமச் சிமிழைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.)

எட்டு மணிக்கு ஆய்வகத்தைத் திறந்து, கதவைச் சாத்திக்கொண்டு, குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து இருபதுக்கும் வைத்தேன். சந்தனம் வைத்தால் பளிச்சென்று தெரியும் என்பதால் அதை விட்டுவிட்டேன். யார் கண்ணிலும் படக் கூடாது என்று மிளகு அளவுக்கு, வட்டமாக, நறுவிசாக வைத்தேன். பதினோராம் நம்பர், கண்ணாடி ஜாடியில் மருந்து நீருக்குள் இருக்கும் நிஜ மூளை. உள்ளே கை விட முடியாதே! மூடியின் மேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது வாசலில் தேர்வாளர் மேடம் நின்றிருந்தார். சென்னையிலிருந்து வந்தவர். அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

வாசலில் நின்றபடியே மேசைகளை ஒரு பார்வை பார்த்தார். "பரவாயில்லையே, எல்லாத்தையும் நீங்களே மார்க் பண்ணி வச்சுட்டீங்க. இந்த மாதிரி சுறுசுறுப்பான ஆளை நான் பார்த்ததில்லை. பசங்களை வரச் சொல்லுங்க."

இல்லைங்க மேடம், இது குங்குமம் என்று சொல்ல இரண்டே வினாடி போதும். ஆனால் நிரந்தர வேலை கண்முன் வந்து நின்றது. "சரிங்க மேடம்" என்று என் வாய் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

அவர் அங்கேயே நாற்காலி போட்டு டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார். துடைக்கவும் வழியில்லை. நான் தாளும் பேனாவுமாக மேசை மேசையாக ஓடி, என் விரல் எங்கெங்கே பட்டதோ அதற்கெல்லாம் ஒரு பெயர் கண்டுபிடித்து விடைக் குறிப்பு எழுதினேன். தொடை எலும்பில் பொட்டு, தனிப் பெயரே இல்லாத வழவழப்பான இடத்தில் இருந்தது. மூளை மாதிரியிலோ இரண்டு மடிப்புக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் விழுந்திருந்தது. பதினொன்றுக்கு என்ன எழுதுவது? 'பெருமூளை' என்று எழுதிவைத்தேன்.

மணி அடித்தது. மாணவர்கள் மேசை மேசையாக நகர நகர, என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கவிதா என்று ஒரு பெண். குமாரபாளையத்துக்காரி. போன வருடம் இதே தேர்வில் தோற்றவள். இந்த முறையும் போனால் படிப்பை நிறுத்திவிட்டு விசைத்தறிக்கு வரச் சொல்லிவிட்டார் அவள் அப்பா. அவள் பதினோராம் நம்பர் முன்னால் நின்று ஜாடியைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவ்வளவு கேவலமாக என்னை நான் அதற்கு முன்னால் உணர்ந்ததில்லை.

தேர்வு முடிந்ததும் மேடம் என் குறிப்பை வைத்துத் திருத்த ஆரம்பித்தார். மற்ற எல்லாரும் பதினொன்றுக்கு மூளையின் ஏதோ ஒரு பகுதியை எழுதியிருந்தார்கள். கவிதாவின் தாள் வந்ததும் பேனா நின்றது.

"என்ன சார் இது? 'ஜாடி மூடி'ன்னு எழுதியிருக்கா! திமிரா?" சிவப்பு மையில் சைபர் போடப் போனார். கூட்டிப் பார்த்தால் அந்த ஒரு கேள்வியில் அவள் தேர்ச்சி போய்விடும்.

"மேடம்... அவ எழுதினதுதாங்க சரி" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, லாரி, மொதல் லோடு, சிமிழ். மேடம் எழுந்துபோய் மூடியை விரலால் தேய்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு முகர்ந்தார். இருபது மேசையிலும் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் சிரிப்பார் என்று ஒரு நப்பாசை இருந்தது. சிரிக்கவில்லை.

"இருபது பேர்ல, இருக்கறதை இருக்கறபடி எழுதினது இந்தப் பொண்ணு மட்டும்தான். உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார்.

முதல்வரிடம் போய், நின்றபடியே வாங்கிக் கட்டிக்கொண்டேன். மத்தியானம் நிஜ ஸ்டிக்கர் ஒட்டி மறுதேர்வு நடந்தது. சோறு தின்னாமல் எழுதிய இருபது பேரும் என்னைச் சபித்திருப்பார்கள். ஆனாலும் எல்லாரும் தேறினார்கள், கவிதாவும்தான். என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. மறுநாளே துறையில் ஓர் உத்தரவு போட்டார்கள்: தேர்வுக் குறிகள் இனிப் பச்சை நிறத்தில் மட்டுமே இருக்க வேண்டும். இன்றுவரை எங்கள் கல்லூரியில் அதுதான் சட்டம்.

கவிதாவிடம் பிற்பாடு கேட்டேன். "அப்படி எழுத பயமா இல்லயா?"

"பயந்தானுங்க சார். ஆனா அங்க மூடிதானுங்களே இருந்துச்சு."

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். பெண் பக்கத்து டவுனில், ஃபேர்லேண்ட்ஸ் ஏரியாவில், ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தாலி கட்டி முடித்துக் குங்குமத்தை எடுத்து அவள் நெற்றிக்குக் கொண்டுபோனேன். மண்டபமே அமைதியாக இருந்த அந்த நேரம் பார்த்து அப்பா கத்தினார்: "பாத்து வெய்யி சாமி! அதுக்கும் பேரு எழுதச் சொல்லிறப் போறாங்க!"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மாணவர்கள் விசிலடித்தார்கள். நாதஸ்வரக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டார். பொட்டு கொஞ்சம் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

குனிந்திருந்த கல்யாணப் பெண் தலையைத் தூக்காமலே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஃப்ரான்டல் எலும்புங்க சார். மார்க் போடுங்க."