நாலு தகரக்குழலும் தங்கேஸ்வரியின் குழலும்

முருகேசு குசினி மேசையில் நான்கு புதுத் தகரக்குழல்களை வைத்து ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தார். நான்கும் ஒரே பெட்டியில் வந்தவை. ஒரே விலை, ஒரே பச்சைப் பிளாஸ்டிக் வாய். நான்கிலும் நான்கு விதமான ‘ச’ வந்தது.

சனிக்கிழமை தங்கேஸ்வரியின் ஆண்டுத் திவசம். மனைவி இருந்தபோது வெள்ளிப் பின்னேரங்களில் அயல் பெண்கள் நால்வர் குழலோடு வருவார்கள். ஐவரும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். முருகேசு விறாந்தைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்பார். ஒரு வருடமாக வீட்டில் அது இல்லை. அந்தப் பெண்களின் குழல்களை உப்புக்காற்று தின்றுவிட்டது. தங்கேஸ்வரியின் குழல் மட்டும் துணி சுற்றி அலுமாரியில் இருந்தது. திவசத்தன்று அந்தச் சத்தம் ஒருதரம் வீட்டுக்குள் கேட்க வேண்டும். வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

குழல்களைத் தூக்கிக்கொண்டு, அவற்றை வாங்கிய சந்தைப் பக்கத்து ஜவ்பரின் கடைக்குப் போனார்.

“நாலும் நாலு மாதிரிக் கத்துது, ஜவ்பர்.”

“ஐயா, இது திருவிழாவில பிள்ளையள் ஊதி உடைக்கிற சாமான். நீங்க கச்சேரிக்குக் கேக்கிறீங்க.”

“அப்ப மாத்தித் தா. ஊதிப் பாத்து எடுக்கிறன்.”

“உங்கட எச்சில் பட்டதை நான் ஆருக்கு விக்கிற? சுடுதண்ணியில வாய்ப் பக்கத்தை வைங்க. பசை இளகும். உள்ள தள்ளினா சத்தம் ஏறும், வெளிய இழுத்தா இறங்கும்.”

வீட்டுக்கு வந்து செய்து பார்த்தார். உண்மைதான், பசை இளகியது. முதலாவதை இழுத்தார். கூடுதலாக இறங்கிவிட்டது. அதற்குச் சமமாக இரண்டாவதை இழுத்தார். அது இன்னும் கீழே போனது. மூன்றாவதின் வாய் கையோடு வந்துவிட்டது. நூல் சுற்றிச் செருகினார். அடிச்சுரம் ஒருவழியாகச் சேர்ந்தபோது மேற்சுரங்கள் பிரிந்தன. துளைகள் ஒவ்வொரு குழலிலும் ஒவ்வோர் இடத்தில் இருந்தன. துளைகளைச் சுருக்க ஓரங்களில் செலோரேப் நாடா ஒட்டினார். நாலாவது குழல் ஊமையானது. ரேப்பை உரித்து மறுபடி ஒட்டினார்.

வியாழக்கிழமை ஒத்திகைக்குப் பெண்கள் நால்வரும் வந்தார்கள். சிவாஜினி வாசலிலேயே தொடங்கினாள்.

“அண்ணை, ஒரு தேவாரம் படிச்சுப்போட்டு விடுவமே?”

“ஏலாது பிள்ளை. அவவின்ர பாட்டுத்தான் வேணும்.”

“கனகாலமாப் பழக்கம் விட்டுப் போச்சண்ணை.”

“கை மறக்காது. ஊதுங்கோ.”

ஊதினார்கள். வேலிப் படலைக்கு வெளியே தெருவில் குப்பையை மேய்ந்துகொண்டிருந்த ஊர் மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கடற்கரைப் பக்கம் நடையைக் கட்டின. பக்கத்து வீட்டில் ஒரு யன்னல் சாத்தப்பட்டது.

“மானுக்கே பொறுக்கேல்லை,” என்றாள் சிவாஜினி. “விடுங்கோ அண்ணை.”

“உங்களில பிழை இல்லை. குழல்தான் சரியில்லை.”

 நால்வரில் ஒருத்தியான நிஷாந்தினி எதையோ சொல்ல வாயெடுத்தாள். சிவாஜினி அவளின் முழங்கையைப் பிடித்தாள்.

அவர்கள் போனதும் முருகேசு அலுமாரியைத் திறந்து தங்கேஸ்வரியின் குழலை எடுத்து ஊதினார். சுத்தமான ‘ச’. பிறகு மற்ற நான்கையும் ஊதினார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. புதியவை நான்கும் இப்போது ஒரு கட்சி. தங்கேஸ்வரியின் குழல் மட்டும் தனிக் கட்சி. ஐந்தும் சேராமல் பழைய சத்தம் வராது. நான்கை மறுபடி திருத்துவதிலும் பார்க்க ஒன்றைத் திருத்துவது சுகம் என்று தோன்றியது.

பெண்களின் தேத்தண்ணிக்கு வைத்த கேத்தில் அடுப்பில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குழலின் வாய் பழையது. சுடுதண்ணீரில் வைத்ததும் பசை இளகவில்லை, வாயே இளகியது. பதறி வெளியே எடுத்தபோது அது ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. ஊதினார். காற்று மட்டும் வந்தது. துடைத்து ஊதினார். குளிர்தண்ணீரில் வைத்து ஊதினார். காற்றுத்தான். அதைத் திரும்பத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை திவசத்தை முடித்து ஐயர் போனார். சாப்பாடு முடிந்தது. பெண்கள் நால்வரும் தங்கேஸ்வரியின் படத்துக்கு முன்னால் பாயில் இருந்தார்கள். முருகேசு குழல்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

“அவவின்ர குழலை நான் பழுதாக்கிப்போட்டன்,” என்றார்.  “பறவாயில்லை. அஞ்சில ஒண்டுதானே போச்சு. மற்ற நாலு பேரும் இருக்கிறீங்கள். உள்ளறைக்குப் போய், கதவைச் சாத்திப்போட்டு, முந்தி ஊதின மாதிரி ஊதுங்கோ. நான் வெளியில இருந்து கேக்கிறன்.”

ஒருவரும் எழும்பவில்லை. சிவாஜினி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கடைசியில் நிஷாந்தினிதான் வாயைத் திறந்தாள்.

“அண்ணை, இந்த மலிவுக் குழல் அஞ்சும் ஒருநாளும் ஒண்டாச் சேராதெண்டு, அக்கா எங்களை விரலை மட்டும் ஆட்டச் சொன்னவ, ஊதினது எப்பவும் அவ ஒராள்தான்.”