மறுகா அண்ணனும் அலை துரத்தும் கட்டமும்

தோற்பதற்கென்றே சனம் முண்டியடித்த கடை உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அது கல்லடியில், கடற்பக்கம், மறுகா அண்ணனின் டீவி திருத்தும் கடை.

அவருடைய சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான். மட்டக்களப்பில் 'மறுகா' என்றால் 'பிறகு, திரும்பவும்' என்று அர்த்தம். கடையில் ஒரு பழைய டீவி கேம் இருந்தது. குடுமி வைத்த குட்டி மனிதன் ஒருவன் ஓடிப் பாய்ந்து கோட்டைக்குப் போக வேண்டும். அவனுக்கு மூன்று உயிர். மூன்றும் போனால், கோட்டை வாசலில் நின்றாலும் முதலிலிருந்துதான். நாங்கள் பள்ளத்தில் விழுந்தவுடன், திருத்துகிற வேலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அண்ணன் "மறுகா!" என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

கந்தோரில் நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கோப்புப் பார்க்கிற உத்தியோகத்தன். கந்தோர் முடிந்தால் முள்ளுப் பள்ளத்தில் விழுகிற உத்தியோகம்.

ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த என் சிநேகிதன், பொத்தான்களை ஓர் ஒழுங்கில் அமர்த்தினால் சாகாமலே விளையாடலாம் என்று செய்து காட்டினான். அண்ணன் வயரையே பிடுங்கிவிட்டார்.

"சாகமாட்டன் எண்டு தெரிஞ்சா மறுகா என்னத்துக்குடா பாயிற? ஆறுதலா நடந்து போ!"

சுனாமி அன்று கடல் கடையைக் கொண்டுபோனது. அண்ணனின் ஒரே தம்பியையும் கொண்டுபோனது. சில கிழமை கழித்து, சேற்றுக்குள் அந்தக் கேம் கசட்டைக் கண்டெடுத்து, கிணற்றடியில் கழுவி, வெயிலில் காயவைத்தார். அண்ணனின் மனைவி, எங்களுக்கு அக்கா, தலையில் அடித்துக்கொண்டார்.

"ஊருச்சனம் கட்டில் தேடுது, கதவு தேடுது. இந்த மனிசன் இதக் கழுவிக்கிட்டு நிக்கிறாரே!"

கசட் வேலை செய்தது! கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், டவுனில், சின்னதாகக் கடையைத் திறந்தார். சண்டை திரும்பத் தொடங்கி, இராணுவச் சுற்றிவளைப்பும் வந்தது. அடையாள அட்டை பார்க்க நுழைந்த சிப்பாய் ஒருவன் திரையைப் பார்த்தான். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கேம் ரிமோட்டை வாங்கினான். முதல் பள்ளத்திலேயே போய்ச் சேர்ந்தான். எங்களுக்குச் சிரிக்கவும் பயம், அடக்கவும் முடியவில்லை. அண்ணனின் வாய் சும்மா கிடக்குமா? "மறுகா!" என்றார். அடுத்த கிழமை அதே சிப்பாய் வாசலில் நின்று, "மருகா?" என்று கெஞ்சினான். அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ் அதுதான்.

ஆனால் அண்ணன் மாறியிருந்தார். நாலாவது கட்டத்தில் நீல அலை ஒன்று குட்டி மனிதனைத் துரத்தும். முன்பெல்லாம் வெற்றிலை மென்றபடி அதைத் தாண்டுவார். இப்போது அந்தக் கட்டம் வந்தால் ரிமோட்டை என்னிடம் நீட்டிவிடுவார்.

"நீ புடி மனே. நான் தேத்தண்ணி எடுத்துட்டு வாறன்."

தேத்தண்ணி அவர் பக்கத்திலேயே ஆவி பறந்துகொண்டிருக்கும். எல்லோருக்கும் விளங்கியது, ஒருவரும் கேட்கவில்லை. நான் அந்த அலையில் செத்தால் மட்டும் 'மறுகா' கேட்காது.

சண்டை முடிந்த வருஷம் கொம்பியூட்டர் கடைகள் முளைத்தன. பளபளவென்று புது விளையாட்டுகள், விழுந்த இடத்திலிருந்தே தொடரலாம். நானும் போனேன், வென்றேன். வென்றதும் சப்பென்று போய்விட்டது. அண்ணனிடமே திரும்பி வந்தேன்.

"என்ன மனே, அங்க வெண்டு முடிச்சிட்டயா?"

"ஓம் அண்ணன். ஒரு ருசியும் இல்ல."

விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே ரிமோட்டை எடுத்தார். அலை வந்தது. வழக்கப்படி நான் கையை நீட்டினேன், அவர் தரவில்லை. குட்டி மனிதன் மூழ்கினான். அடுத்த உயிரும் மூழ்கியது. கடைசி உயிர். அலை குடுமியைத் தொட்டது, அண்ணன் எழும்பியே விட்டார், தாண்டினார்! தாண்டிய சந்தோஷத்தில் ரெண்டு கையையும் மேலே தூக்க, ரிமோட் நழுவியது. குட்டி மனிதன் நேரே போய் அடுத்த பள்ளத்தில் விழுந்தான்.

அண்ணன் சாரத்து முனையால் கண்ணைத் துடைத்தார்.

"மறுகா!" என்றார், அவருக்கே.

அந்தக் கோட்டைக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தரம் தோற்கக் கிடைத்தால் போதும்.